மூடி வைத்த சட்டி

ஈஸ்டர் போய் மூன்று வாரம் ஆகியும் பனி உருகவில்லை. கணக்குப்படி கோடை பிறந்துவிட்டது. கோடை பிறந்த அன்றைக்கு ஒருத்தருக்கொருத்தர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டதெல்லாம் வீண். வடக்குக் காற்று கடல்வாயில் பனிக்கட்டியைக் கொண்டுவந்து குவித்துவிட்டதால் படகு இறக்க வழியில்லை. மலைச்சரிவில் ஆடு மேய ஒரு பச்சை இல்லை. வைக்கோல் கொட்டடியில் தரை தெரிய ஆரம்பித்து பத்து நாள் ஆகிவிட்டது.

கெதில் வீட்டில் பதினொரு ஆடு செத்தது. பன்னிரண்டாவதாகக் குதிரை விழுந்தது. கிரானா என்று பேர். சாம்பல் நிறம், வயசான பெட்டைக் குதிரை. ஒரு நாள் காலையில் கெதில் கொட்டடிக்குள் போனபோது முன்னங்காலை மடக்கிப் படுத்திருந்தது. எழுப்பிப் பார்த்தான். தோள் கொடுத்துத் தூக்கிப் பார்த்தான். தலையை மட்டும் தூக்கி அவனைப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டது.

கெதில் வெளியே வந்து பெண்டாட்டியைக் கூப்பிட்டான்.

"இவளே, கத்திய எடுத்துட்டு வா."

ஸ்டெய்ன்வோர் கத்தியை எடுத்து வந்தாள், ஆனால் கையில் கொடுக்கவில்லை.

"அறுத்துட்டு என்ன பண்ணப் போறீங்க? குழி தோண்டிப் பொதைக்கவா? தரை பாறையாட்டம் இறுகிக் கெடக்கு."

"நீ என்ன சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லாமச் சொல்றதுல நீ கெட்டிக்காரிதான்" என்றான் கெதில். கத்தியை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், நாடு முழுக்கக் கூடுகிற பெருங்கூட்டத்தில் எல்லோரும் புதுச் சாமிக்கு மாறிவிடுவது என்று முடிவாயிற்று. அப்பாடா, வெட்டுக் குத்து இல்லாமல் முடிந்ததே என்று எல்லோருக்கும் நிம்மதி. ஆற்றுத் தண்ணீர் குளிரும், அதில் முங்க மாட்டோம் என்று வடக்கத்திக்காரர்கள் அடம்பிடித்து, திரும்பி வருகிற வழியில் வெந்நீர் ஊற்றில் முங்கி ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார்கள். கெதிலும் அப்படி முங்கினவன்தான். நன்றாகக் குளித்த மாதிரி இருந்தது என்று வீட்டுக்கு வந்து சொன்னான். ஆரம்பத்தில் சலுகைகள் இருந்தன. பழைய சாமிப் படையலில் தின்கிற குதிரைக்கறியையும் தின்றுகொள்ளலாம் என்றார்கள். பழைய சாமிக்கு மறைவாகப் படையல்கூடப் போட்டுக்கொள்ளலாம், சாட்சி மட்டும் இருக்கக் கூடாது என்றார்கள். கொஞ்ச வருஷத்தில் அந்தச் சலுகையெல்லாம் போயிற்று. குதிரைக்கறி தின்றவன் மூன்று வருஷம் கடல் தாண்டிப் போய்விட வேண்டும் என்று சட்டம் வந்தது.

சட்டம் வந்தால் என்ன, எங்கேயோ இருக்கிறது என்றுதான் இருந்தார்கள். போன வருஷம் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒருத்தனை அனுப்பிவிட்டார்கள். அவன் பெண்டாட்டி பிள்ளைகளை ஆளுக்கொரு வீடாகப் பிரித்துவிட்டாள். சாட்சி சொன்னது யார்? அந்த வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, சிரித்துப் பேசி, கால் காய வைத்துக்கொண்டு போன விருந்தாளி.

அதனால்தான் கெதில் கொட்டடிக் கதவைச் சாத்திக்கொண்டு அறுத்தான். ரத்தத்தை வாளியில் பிடித்து, வெளியே ஒரு சொட்டு சிந்தாமல் பார்த்துக்கொண்டான். தோலைச் சாணக்குவியலுக்கு அடியில் புதைத்தான். பாதிக் கறியை உப்பில்லாமலே புளித்த மோர்த்தண்ணிப் பீப்பாயில் போட்டு அமுக்கினார்கள். மீதியைப் பனியில் புதைத்தார்கள். இத்தனையும் செய்தும், அண்டங்காக்கைகளை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஏழெட்டு வந்து கூரைமேல் உட்கார்ந்துகொண்டன. கெதில் கல்லால் அடித்து ஓய்ந்து போனான்.

"சனியனுங்க, ஊர் பூரா தம்பட்டம் அடிக்குதுங்க" என்றான்.

முதல் சட்டி கொதிக்க ஆரம்பித்தபோது ஆறு வயசு மகள் யோரா அடுப்பை விட்டு நகரவில்லை. குளிர்காலம் பாதிக்குமேல் மலைப்பாசிக் கஞ்சியும் மோர்த்தண்ணியும் குடித்த குழந்தை. வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும். ஸ்டெய்ன்வோர் ஒரு சின்னத் துண்டை ஊதி ஊதி அவள் வாயில் வைத்தாள். குழந்தை மெல்லுவதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது. அதே நேரத்தில் வாயில் எச்சிலும் ஊறியது.

அப்போதுதான் வெளியே யாரோ காலைத் தட்டிப் பனியை உதறுகிற சத்தம் கேட்டது.

"வீட்ல யாரு? நான்தான் ஆஸ்னி."

கெதில் முகம் வெளுத்துப் போயிற்று. யார் வந்திருந்தாலும் பரவாயில்லை, வேறு யாராவது வந்திருக்கக் கூடாதா! ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிற விதவை ஆஸ்னி. புருஷன் கடலில் போனவன். ஊரில் உண்மையாகவே புதுச் சாமியைக் கும்பிடுகிறவள் அவள் ஒருத்திதான் என்று சொல்வார்கள். கோவில் இருக்கிற ஹோஃப் பண்ணைக்கு ஞாயிறுதோறும் புயலானாலும் நடந்து போவாள். கப்பலில் வந்த பாதிரியார் அரைகுறையாகப் பேசுவதைக் கேட்டு ஜெபம் முழுவதையும் மனப்பாடம் செய்தவள். ஞாயிற்றுக்கிழமை கம்பளி நெய்த பெண்களைப் போன அறுவடையில் எல்லார் முன்னாலும் அதட்டினவள்.

ஸ்டெய்ன்வோர் பலகை மூடியை எடுத்துச் சட்டியின்மேல் போட்டாள். போதாதென்று மூடிமேல் ஈரத் துணி ஒன்றைப் போட்டாள். கெதில் அடுப்பில் ஒரு கை ஆட்டெரு அள்ளிப் போட்டான். புகை கண்ணை மறைத்தது. அப்புறம்தான் ஸ்டெய்ன்வோர் கதவைத் திறந்தாள்.

"வாங்கக்கா. இந்தக் குளிர்ல எங்க?"

"எங்க போறது? காலு எங்க கொண்டுவந்து விடுதோ அங்கதான்." ஆஸ்னி சிரித்தாள். கன்னம் ஒட்டிப்போய்ச் சிரிப்பில் பல் மட்டும் பெரிசாகத் தெரிந்தது. "என்னப்பா கெதிலு, இப்பிடிப் புகையுது? வீட்டுக்கே தீ வச்சுட்டியா?"

"எரு ஈரம்க்கா."

"ம்."

சொல்லிவிட்டு அவள் நின்றாள். இந்த நாட்டில் பனியில் வந்தவளை உட்காரச் சொல்லாமல் இருக்க முடியாது. எதிரி வந்தாலும் உட்காரச் சொல்லி, அடுப்பில் என்ன இருக்கிறதோ அதில் பாதியை முன்னால் வைப்பார்கள். ஸ்டெய்ன்வோர் சட்டியை மறைத்து நின்றாள். கெதில்தான் நகர்ந்து, சுவரோரப் பலகையைக் காட்டினான், அடுப்புக்கு எட்டத்தில்.

ஆஸ்னி உட்கார்ந்தாள். கையைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

"ஒளிவு மறைவு எதுக்கு? மூணு நாளாச்சு புள்ள, வயித்துக்குள்ள ஒண்ணும் போகல. நாலு ஆட்டுல ரெண்டு போயிட்டு. மிச்சம் ரெண்டும் குட்டி போடுற நேரம், அதுகள அறுத்தா அடுத்த வருசம் நான் என்ன பண்ண? கடல்பாசி பொறுக்கலாம்னு போனேன், கரையெல்லாம் ஐஸு. ஒரு கருவாட்டுத் துண்டு, மீன்தலை, ஏதாச்சும் இருந்தாக் குடு. கோடையில உழைச்சுக் கழிச்சிர்றேன்."

சட்டி மூடிக்கு அடியில் கொதித்தது. மூடி மெல்லத் தூக்கித் தூக்கி விழுந்தது. ஆட்டுக்கறி வாசனை வேறு, குதிரைக்கறி வாசனை வேறு. கொஞ்சம் தித்திப்பாக இருக்கும். இந்த நாட்டில் பிறந்தவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? ஸ்டெய்ன்வோர் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"எங்ககிட்டயும் ஒண்ணும் இல்லக்கா" என்றாள்.

தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்ததே என்று அவளுக்கே ஆச்சரியம். சொன்ன பிறகு மேலும் சொல்ல வேண்டியதாயிற்று. பொய் ஒரு வாக்கியத்தோடு நிற்கிறதா என்ன?

"பாசிதான் வெந்துட்டிருக்கு. அதுவும் நேத்து வெந்ததையே மறுபடி தண்ணி ஊத்தி... புள்ளைக்கு மட்டுந்தான் காணும்."

ஆஸ்னி சட்டியைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்தாள். யோரா மூலையில் உட்கார்ந்து இன்னும் மென்றுகொண்டிருந்தாள். மோவாயில் மஞ்சள் கொழுப்பு பளபளத்தது. ஆஸ்னி எழுந்து போய்த் தன் சட்டைக் கையால் அந்த மோவாயைத் துடைத்தாள்.

"கன்னமெல்லாம் வெடிச்சிருக்கு பாரு. காத்துல விடாத."

அவ்வளவுதான் சொன்னாள். ஸ்டெய்ன்வோர் ஒரு சின்ன வாளியில் புளித்த மோர்த்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். கறி போடாத பீப்பாயிலிருந்து எடுத்துத்தான் கொடுத்தாள், அதில் மட்டும் கவனமாக இருந்தாள். ஆஸ்னி வாங்கிக்கொண்டு, "சாமி உங்கள நல்லா வைக்கட்டும்" என்றாள். ஆற்றை நோக்கி இறங்கினாள். வழியில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்ததை ஸ்டெய்ன்வோர் வாசலில் நின்று பார்த்தாள்.

"கண்டுபிடிச்சிருப்பாளா?" என்றான் கெதில்.

"பேசாம இருங்க."

"மோந்திருப்பா. நிச்சயமா மோந்திருப்பா. நேரா பாதிரிகிட்டதான் போவா, பாரு. சிலுவைக்காரி."

"பேசாம இருங்கன்னு சொல்றேன்ல!"

சட்டியை இறக்கினார்கள். கெதிலும் குழந்தையும் சாப்பிட்டார்கள். ஸ்டெய்ன்வோர் எனக்கு வேண்டாம், வயிறு சரியில்லை என்று தறியில் போய் உட்கார்ந்தாள். ஊடு நூலை அடித்து அடித்துத் தோள் வலித்தது. அன்றைக்கு நெய்தது பூராவும் மறுநாள் பிரிக்க வேண்டியதாயிற்று. அவள் வீட்டுக்கு வந்து வெறும் வயிற்றோடு திரும்பினவர்கள் இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கிடையாது. அவள் அம்மா வீட்டிலும் கிடையாது.

அடுத்த நாட்களிலும் அவள் சட்டிப்பக்கம் போகவில்லை. ஞாயிறு போயிற்று. அவர்கள் கோவிலுக்குப் போகவில்லை. திங்கள் பகலில் ஆற்றைத் தாண்டி ஆட்கள் வருவது தெரிந்தது. மூன்று பேர், ஒரு சறுக்குவண்டி. முன்னால் வருகிறவன் பார்த். ஊரில் யார் வீட்டில் வைக்கோல் இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்று பார்த்துப் பங்கு பிரிப்பதற்காக வட்டாரத்துக்காரர்கள் நிறுத்தின ஆள். சட்டம் என்றால் அவனுக்குச் சாப்பாடு மாதிரி. கெதில் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"வந்துட்டானுங்க. சாட்சியோட வந்துட்டானுங்க."

"நில்லுங்க. அசையாதீங்க" என்றாள் ஸ்டெய்ன்வோர்.

பார்த் வாசலில் வந்து தொப்பியைக் கழற்றினான். தொப்பியைக் கழற்றுகிற ஆள் இல்லை அவன்.

"தங்கச்சி, முதல்ல நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

பார்த் தொப்பியைக் கையில் திருகினான்.

"என்னத்தச் சொல்றது போ. உங்க கூரைமேல காக்கா மொய்க்குதுன்னு ஒருத்தன் சொன்னான். குதிரையக் காணோம்னு இன்னொருத்தன். எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. என் வேலை அப்பிடி. நேத்துக் கோவில்ல ஆஸ்னி இருந்தா. நீதான அவங்க பக்கத்து வீடு, போனியா, என்ன பார்த்தேன்னு எல்லார் முன்னாலயும் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?" கெதில் குரல் தேய்ந்து வந்தது.

"அழுதுட்டாய்யா அவ. குதிரை பசியில செத்துருச்சு, ஆத்துல இழுத்து விட்டுட்டாங்க, அந்த வீட்ல கறின்னு ஒரு துணுக்கு கிடையாது, சட்டியில வெறும் பாசி, அதையும் மறுபடி மறுபடி வேக வைக்காங்கன்னா. எனக்கு நம்பிக்கை வரல. சிலுவையில கை வச்சுச் சொல்லுன்னேன். வச்சா. வச்சு மூணு தடவை சொன்னா. அவ போயி பொய்ச் சத்தியம் பண்ணுவாளா? எனக்கு அங்கேயே வெட்கமாப் போச்சு. இருந்த மோர்த்தண்ணியக்கூட எனக்கு ஊத்திக் குடுத்துட்டாங்க, இப்பிடிப்பட்ட வீட்டச் சந்தேகப்படுறியேன்னு என்னைத் திட்டுனா பாரு திட்டு!"

பின்னால் வந்த இரண்டு பேரும் சறுக்குவண்டியிலிருந்து சாமானை இறக்கினார்கள். பார்த் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னான். வெண்ணெய்க் கட்டி ஹோஃப் பண்ணையிலிருந்து. கருவாடு நாலு, அவன் வீட்டிலிருந்து. தயிர் அரைப்பானை, மேட்டுப் பண்ணைக்காரர்கள் கொடுத்தது. அவர்கள் வீட்டில் எட்டுப் பிள்ளைகள் என்று ஸ்டெய்ன்வோருக்குத் தெரியும். கடைசியில் துணியில் கட்டின சின்னப் பொட்டலம்.

"இது ஆஸ்னி குடுத்தது. அவளுக்கும் நேத்து ஒரு பங்கு குடுத்தோம், ரெண்டு மீன்தலை. அதுல ஒண்ணு உங்க யோராவுக்குன்னு எடுத்து வச்சுட்டா. வேணாம்னேன், கேக்கல."

ஸ்டெய்ன்வோர் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் என்ன செய்வாள்? வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் அங்கேயே மூன்று சாட்சி. புருஷன் கடல் தாண்டிப் போவான். ஆஸ்னி பொய்ச் சத்தியக்காரி ஆவாள். பேசாமல் இருந்தால் எட்டுப் பிள்ளை வீட்டுத் தயிரைத் தின்ன வேண்டும். தயிர்ப்பானையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். பார்த் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இதைவிட ஒரு கேவலம் மனுஷிக்கு வேண்டுமா!

அவர்கள் போன பிறகு கெதில் பலகையில் விழுந்தாற்போல் உட்கார்ந்தான்.

"தப்பிச்சோம்" என்றான்.

"வெட்கமா இல்ல?"

"இருக்கு. அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?" தயிர்ப்பானையைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணு பண்ணு. அவளுக்குக் கொஞ்சம் கறி கொண்டு போய்க் குடு. பாவம், பட்டினி. அவளும் தின்னுட்டான்னா நமக்கும் பயம் விட்டுச்சு. தின்னவ சாட்சி சொல்ல முடியாதுல்ல" என்றான்.

அவள் வெளியே போனாள். பனியைத் தோண்டி, தொடைக்கறியில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்தாள். வேக வைத்து, துணியில் சுற்றி, மேலாடைக்குள் சூடாக வைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தாள். பனிமேல் பட்டுத் தெறிக்கிற வெயில். கண் கூசியது.

ஆஸ்னி வீட்டு வாசலில் ஆடு இரண்டையும் வெயிலில் நிறுத்தி, வாலடியில் ஒட்டியிருந்த சாணத்தைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"வா புள்ள. யோரா எப்பிடி இருக்கா?"

"நல்லா இருக்கா." ஸ்டெய்ன்வோர் மேலே என்ன சொல்வது என்று தெரியாமல் பொட்டலத்தை வெளியே எடுத்தாள். "அக்கா, இத..."

"பிரிக்காத."

"சூடா இருக்குக்கா. நீங்க..."

"பிரிக்காதங்கறேன்ல. இதுவரைக்கும் நான் கண்ணால பார்க்கல. நீ மூடி போட்டு வச்சிருந்த. அது நல்லதாப் போச்சு. மூக்குல என்ன வந்துச்சுன்னு பார்த் கேக்கல." சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "ராவெல்லாம் தூக்கம் இல்ல புள்ள. சிலுவையில வச்ச கை எரியுற மாதிரியே இருக்கு. கறி இல்லன்னு மூணு தடவை சொன்னேன். இப்ப அத வாங்கித் தின்னா, சொன்னது வாய்க்குள்ளயே பொய்யாயிரும். தின்னாம இருந்தா சாமிகிட்ட ஏதோ சொல்லிப் பார்க்கலாம்."

"எதுக்குக்கா சொன்னீங்க? நான் உங்கள அனுப்பி விட்டேனே. பசியோட அனுப்பி விட்டேனே."

"யோராவ யார் வீட்ல கொண்டு விடுவ? போன வருசம் அந்தப் பிள்ளைங்கள பிரிச்சப்ப நான் பார்த்தேன். கடைசிப் பையன் வண்டிய விட்டு எறங்க மாட்டேன்னு கத்துனான்."

ஆடு கத்தியது. ஆஸ்னி அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். அப்புறம் முதல் தடவையாக நேராக ஸ்டெய்ன்வோர் கண்ணைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா? இத எனக்குப் பசிக்கும்னு கொண்டாந்தியா, என் வாய அடைக்கக் கொண்டாந்தியா?"

பசிக்கும் என்றுதான் என்று சொல்ல ஸ்டெய்ன்வோர் வாயெடுத்தாள். இன்னொரு பொய்க்கு அவளிடம் தெம்பு இல்லை.

"ரெண்டுக்குந்தான்க்கா."

"ம். நெசத்தச் சொன்ன." ஆஸ்னி மறுபடி குனிந்து சாணத்தைச் சுரண்டினாள். "அன்னிக்கு நான் வாசல்ல நின்னப்பவே வாசனை வந்துருச்சு. உள்ள கூப்பிட்டு, அக்கா இதான் இருக்கு, உக்காந்து தின்னுங்கன்னு சொல்லியிருந்தா, உக்காந்து தின்னுருப்பேன். சத்தியமாத் தின்னுருப்பேன். சாமியாவது பூதமாவது, மூணு நாள் பசி. தின்னவ எப்பிடிப் போயி சாட்சி சொல்லுவா? சத்தியமும் பண்ணியிருக்க வேணாம், இந்த எரிச்சலும் இருந்திருக்காது. ஒரு வாய்க் கறிக்கு நான் உன் குடியக் கெடுப்பேன்னு நெனச்சிட்டியே புள்ள. அதான்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஸ்டெய்ன்வோர் தாங்கியிருப்பாள். காலில் விழப் போனவளை ஆஸ்னி தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். போ, குழந்தை தனியாக இருக்கும் என்றாள். ஆட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கெதில் எழுந்து நின்றான்.

"தின்னாளா?"

"இல்ல."

"ஐயோ. அப்ப என்னிக்காச்சும் வாயத் தெறந்துட்டா?"

ஸ்டெய்ன்வோர் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இன்றைக்குப் பகல்வரைக்கும் அவளும் இதே கேள்வியைத்தானே வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். யோரா ஓடி வந்து ஒட்டி உட்கார்ந்தாள். குழந்தைக்குக் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தாள். கறி ஆறிப்போய்க் கொழுப்பு விரலில் ஒட்டியது. நாலு நாளாக ஒன்றும் சாப்பிடாதவள், விரலை நக்கினாள். அப்புறம் ஒரு துண்டு எடுத்தாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை. அழுதுகொண்டே, எலும்பில் ஒட்டினதைக்கூட விடாமல் கடித்துத் தின்று முடித்தாள். நல்ல ருசியாக இருந்தது. அதை மட்டும் அவளால் கடைசி வரைக்கும் யாரிடமும் சொல்ல முடியவில்லை.